பரமலிங்கம் அண்ணையின் ‘ஓம்’

செய்தி வந்தபோது நான் நெடுந்தீவுப் படகில் இருந்தேன். முன்னாள் மாகாணசபை உறுப்பினர் பரமலிங்கம் அண்ணை கரம்பொன் வீட்டில் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். இயந்திர இரைச்சலுக்குள் நான், எங்கள் பக்கத்தில் ‘ஆம்’ என்பதற்குச் சொல்வதுபோல், “ஓம், ஓம்” என்றுகொண்டே இருந்தேன். வைத்த பிறகுதான் அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவருடைய அரசியலே அந்த ஒரு சொல்லில்தான் திரும்பியது என்பது உங்களில் சிலருக்கேனும் தெரியும்.

நான் அவருடைய செயலாளராக இருந்தவன். அமர்வு முடிந்த வார இறுதியில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போவார். படகுக்குக் காத்திருக்கும் சனத்துக்கு நடுவே நின்று, எதற்கு ஆதரவு, எதற்கு எதிர் என்று தான் போட்ட வாக்குகளை, குறித்துவைத்த கொப்பியைப் பார்த்து வாசிப்பார். பாதிப்பேர் வெங்காயச் சாக்கின் மேல் இருந்து கொட்டாவி விடுவார்கள். அவர் விடமாட்டார். அந்தக் கொப்பியில் ‘நடுநிலை’ என்று ஓரிடத்திலும் இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “எனக்கு வோட்டுப் போட்ட சனம் நடுநிலையாவோ போட்டது?” என்றார்.

நெடுந்தீவு மேய்ச்சல் தரையை ஒரு விடுதிக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடும் பிரேரணையை அவருடைய கட்சியே கொண்டுவந்தது. என் அக்கா குடும்பம் அந்தத் தரையில் மாடு விட்டுத்தான் சீவித்தது. வாக்கெடுப்புக்கு முதல்நாள் பின்னேரம் கட்சித் தலைவர் தொலைபேசியில் அண்ணையுடன் நெடுநேரம் பேசினார். பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்குக் கேட்டதெல்லாம் அண்ணையின் “ஓம்” மட்டும்தான். எனக்கு இரத்தம் கொதித்தது. அங்கேயே விலகல் கடிதம் எழுதி மேசையில் வைத்தேன். “மாட்டுக்கு வோட்டில்லைத்தானே, அண்ணை” என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாராம்.

மறுநாள் மனம் கேளாமல் பார்வையாளர் பகுதியில் போய் இருந்தேன். பெயர் கூப்பிட்டு வாக்குக் கேட்டார்கள். அண்ணை எழுந்து, “எதிர்” என்றார். பிரேரணை ஒரு வாக்கால் தோற்றது.

வெளியே தலைவர் அவரை மறித்தார். “நேற்று எல்லாத்துக்கும் ஓம் எண்டனீர்?”

“ஓம். நீங்கள் சொன்னது கேக்குது எண்டு சொன்னனான். சம்மதம் எண்டு சொல்லேல்லையே.”

கொழும்பில் வளர்ந்த தலைவர் அதைப் பிழையாக விளங்கியதை மன்னிக்கலாம். தீவில் பிறந்து, நாளுக்கு நூறுதரம் அப்படியே ஓம் போடும் நான்?

அந்த வாரம் இறங்குதுறையில் “மேய்ச்சல் தரை, எதிர்” என்று அவர் வாசித்தபோது ஒருவரும் கொட்டாவி விடவில்லை. சாக்கில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். அவர் முழுவதும் வாசித்து முடிக்கும்வரை படகுக்காரர் இயந்திரத்தை முடுக்கவில்லை. அன்று எனக்கிருந்த பெருமை சொல்லி மாளாது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அதற்காக அவர் வாடவும் இல்லை. நெடுந்தீவுக்கு வரும்போதெல்லாம் மாடுகளைக் காட்டி, “இதுகள்தான் இப்ப என்ர தொகுதி” என்பார். அந்தத் தரையில் இன்றும் அக்காவின் மாடுகள் மேய்கின்றன.

அவருடைய வாக்குகளெல்லாம் சபைப் பதிவேட்டில் இருக்கின்றன, ஒன்றைத் தவிர. அன்று கைதட்டல் ஓய்ந்த பிறகு, தலைகுனிந்து நின்ற என்னிடம் அவர் அந்த விலகல் கடிதத்தை நீட்டினார். அது இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அதன் குறுக்கே, கையொப்பத்தோடு, அவர் எழுதிய ஒரே சொல்: எதிர்.