கம்பத்தில் பட்ட பந்து

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடலோரக் கிராமத்தில், மார்த்தாண்டம் பஸ்ஸுக்காக நாற்பத்திரண்டு நிமிடமாக நிற்கிறேன். மாத்திரை நேரம் தவறிவிடும் போலிருக்கிறது. பக்கத்தில் கால்பந்து மன்றத்தின் ஒற்றை அறை. அதன் வாசலில் ஒன்பது மீனவர்கள், நேற்றைய இறுதிப் போட்டியைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள். கடைசி நிமிடப் பெனால்டியை ஜெரோம் என்ற இளைஞன் கம்பத்தில் அடித்துவிட்டான். கோப்பை அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

"கீப்பரு எடப்பக்கம் சாடினாம்லா! வலப்பக்கம் அடிச்சிருந்தா கோலு!" என்று கத்துகிறார் தொப்பிக்காரர் ஒருவர்.

"நீ போயி அடிச்சிருக்கணும் மக்கா. வல இழுக்கவே ஒனக்கு மூச்சு வாங்குது."

உள்ளே வயர்லெஸ் கரகரக்கிறது. கடலிலிருக்கும் படகுகளுக்கு ஆட்ட முடிவைச் சொல்வது இங்கே வழக்கம். இப்போது அழைக்கும் படகில் இருப்பவர் ஜெரோமின் அப்பா.

"தோத்தோம்னு மட்டும் சொல்லு. பயலுக்க பேரு வேண்டாம்," என்கிறார் தொப்பிக்காரர்.

வயர்லெஸ்காரர் தயங்கி என்னைப் பார்க்கிறார். "வெளியாளு நீங்க சொல்லுங்க சாரே, பேரச் சொல்லவா வேண்டாமா?"

"அவர் கரையில எறங்குனா ஒம்பது பேரும் சொல்லிருவீங்களே," என்கிறேன்.

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். வயர்லெஸ்ஸில் அப்பாவின் குரல் கேட்கிறது.

"அவன் வல்லதும் தின்னானாலே?"

நேற்றிலிருந்து ஜெரோம் ஏதாவது சாப்பிட்டானா என்று யாருக்கும் தெரியவில்லை. தொப்பிக்காரர் எழுந்துபோய் எதிர்க்கடையில் ஆறு பரோட்டா கட்டச் சொல்கிறார்.

"ஒரு ஆளுக்கு ஆறா?" என்கிறேன்.

"கூட இருந்து நானும் தின்னாத்தான் அவன் தின்பான் சாரே."