படிப்பு என்ற கட்டம்

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய படிவத்தின் கார்பன் நகல் கிடக்கிறது. நீல எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. 'படிப்பு' என்ற கட்டத்தில் நான் அடித்த எஸ்.எஸ்.எல்.சி. மட்டும், பாழாய்ப்போனது, இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். நாசரேத்து வாத்தியார் மகள்; இங்கிலீஷ் தெரிந்த திமிர் கொஞ்சம் உண்டு. வெளிநாட்டு மக்களிடம் நம் நாட்டுக்கு நல்ல பெயர் தேட டெல்லியில் ஓர் ஆலோசனைக் குழு அமைக்கிறோம், துறைமுகத்திலிருந்து ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று அரசாங்கக் கடிதம் வந்தது. ஆபீஸே ஒரே ஆளைத்தான் சொன்னது. கொழும்புக்குத் தோணி ஓட்டும் தலைவர், தண்டல் என்போம். அங்கே சரக்கு இறக்குவதில் தகராறு வந்தால், தோணியில் பொங்கிய சோற்றையும் மீன்குழம்பையும் சிங்களக் கூலிக்காரர்கள் முன்னால் வைத்து, "மொதல்ல சாப்பிடுங்க, பொறவு சண்டை போடுவோம்" என்பாராம், அவர்கள் பாஷையிலேயே. சாப்பிட்டவன் எங்கே சண்டை போடுவான்!

அவருக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. "எங்க பயலுவள கொழும்புல கரையெறங்க விடமாட்டேங்காவ யம்மா. காய்ச்சல்னாலும் தோணியிலயே கெடக்கணும். டெல்லியில அதச் சொல்லணும்" என்றார். அவருக்கான படிவத்தை டைப் அடித்துக்கொண்டே படிப்பு என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லன்னு எழுது" என்று சிரித்தார். வெட்கம் எனக்குத்தான். பெரிய மனுஷர்கள் பார்க்கிற காகிதத்தில் ஒன்றுமில்லை என்றா எழுதுவது? நல்லது செய்வதாக நினைத்து அந்தப் பொய்யை அடித்தேன். கையெழுத்துக்குப் பதிலாக அவர் பெருவிரலை மையில் தொட்டு வைத்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா?

டெல்லியிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி கட்டத்தையும் ரேகையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை யார் எழுதினது?" என்றார். நான் டைப்ரைட்டர் பக்கம் குனிந்துகொண்டேன். தண்டல் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"நாந்தான் எழுதச் சொன்னேன் ஐயா."

"படிப்பு வேணும்னு நாங்க கேக்கவே இல்லையே பெரியவரே. பொய் சொன்னவரை எப்படி அனுப்ப?" என்று அதிகாரி ஃபைலை மூடினார். அவருக்கும் வருத்தம்தான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்.

வெளியே வந்து தண்டல் என்னைத் திட்டவில்லை. "மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே. போ யம்மா, மொதல்ல சாப்பிடு" என்றார். பிறகு சண்டை போட்டிருக்கலாம். போடவே இல்லை. அவர் தோணியை விட்டுத் தன் ஊரான வேம்பாரோடு ஒதுங்கிய பிறகு, மன்னிப்புக் கேட்க ஒருமுறை பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

இன்று மில்லர்புரத்து வீட்டில் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். அவர் பெருவிரல் ரேகை இதில் விழவில்லை. அது அசலோடு போய்விட்டது. என்னிடம் இருப்பது நான் அடித்த அந்த நாலு எழுத்துதான்.