கோட்ஸை எடுத்த மச்சான்

அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரியாதை கொடுத்து எழுத மனசு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன்.

தாராவியில் லெதர் பை தைக்கும் பட்டறை. மாடியில் உட்கார்ந்து டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துப் பாய், நல்ல மனுஷன்தான். இவன் அவருடைய தங்கை புருஷன். எங்கேயோ பார்த்த சாஃப்ட்வேர் வேலை பறிபோய், மேற்பார்வை என்ற பெயரில் எங்கள் தலையில் வந்து இறங்கியிருந்தான்.

பட்டறையில் ஒரு வழக்கம். கஸ்டமர் ஓகே சொன்ன டிசைனின் அட்டையில் சாக்பீஸால் ஸ்டார் போடுவார்கள். ஸ்டார் இல்லாத அட்டையைக் கட்டிங்காரர் தொடவே மாட்டார். அதே பழக்கத்தில் கம்ப்யூட்டரிலும் ஓகே ஆன ஃபைலுக்கு ஸ்டார். 'லேடீஸ்-1', 'லேடீஸ்-2' என்று முயற்சிகள் போகும், தேறியது 'லேடீஸ்-*'. எங்கள் லினக்ஸ் மெஷினுக்கு அந்தக் குறி ஆகாது. கோட்ஸுக்குள், அதாவது மேற்கோள் குறிகளுக்குள் வைத்தால் அது சாதாரணப் பெயர். வெளியே விட்டால், 'லேடீஸ்-' என்று தொடங்கும் எல்லா ஃபைலையும் சேர்த்து அள்ளிவிடும். பெயரை மாற்றலாம் என்றால் பாய் கேட்கவில்லை.

"ஸ்டார் இல்லாம எப்படிம்மா? கட்டிங்காரன் குழம்பிருவான்."

அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பெயரைக் கொடுத்தால் அந்த ஒரு ஃபைலை மட்டும் அழிக்கும். பெயரைக் கொடுக்கும்போதும் கோட்ஸ், ஸ்கிரிப்டுக்குள்ளேயும் கோட்ஸ். வெளியே போட்டது ஸ்கிரிப்டின் வாசல்வரைதான் காக்கும்.

அவன் ஒருநாள் அதைத் திறந்து பார்த்தான். "என்ன இது, கொசு மொய்ச்ச மாதிரி கோட்ஸு? காலி-பீலி, வெட்டி வேலை."

"அதுல கை வைக்காதீங்க" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே!

மறுநாள் காலை கஸ்டமர் போன் செய்து, ஓகே சொன்ன பை வேண்டாம், மற்றவற்றை மதியம் வந்து பார்க்கிறேன் என்றார். 'லேடீஸ்-*' என்று கோட்ஸுக்குள் அடித்து எண்டர் தட்டினேன். லேடீஸ் பை டிசைன் ஒன்றுகூட மிச்சமில்லை. அவை எதற்கும் இன்னும் அட்டை வெட்டியிருக்கவில்லை. காப்பி எடுத்துவைக்க டிஸ்க் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்று திரையைப் பார்த்த அவன் மாடியிலிருந்து கீழே கத்தினான். "பாத்தீங்களா மச்சான்! எல்லாத்தையும் அழிச்சிட்டா. நமக்குப் போட்டியா இருக்க வடாலாப் பட்டறைக்காரனுக்கு வித்திருப்பா!"

கீழே தையல் மெஷின்கள் நின்றன. அடப்பாவி, என்னைத் திருடி ஆக்கிவிட்டானே!

மேலே வந்த பாயிடம் ஸ்கிரிப்டைத் திறந்து காட்டினேன். உள்ளே இருந்த கோட்ஸைக் காணோம். முந்தின நாள் நான் வீட்டுக்குப் போன பிறகு சேவ் ஆகியிருந்தது.

"எடுத்தது நான்தான். அமுக்குனது யாரு? அவதானே?" என்று சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கிப் போனான்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "விடும்மா. தங்கச்சி மாப்பிள்ளை. அத்தனை பேரு முன்னால நான் என்னன்னு சொல்ல முடியும்? உன் வேலை எங்கயும் போகாது. ஞாபகத்துல இருக்கதை உக்காந்து வரைஞ்சிரு."

"அவ திருடலன்னு கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க பாய். இந்த நிமிஷமே வரையுதேன்."

அவர் என் நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டார்.

"சொல்ல முடியாதுல்லா? அப்ப உங்க மச்சானையே வரையச் சொல்லுங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன். ஒரு மெஷினும் ஓடவில்லை. என்னோடு டீ குடித்தவர்கள், என் டப்பாவில் கைபோட்டுச் சாப்பிட்டவர்கள், எல்லாருடைய கண்ணும் என் பையின் மேலேயே இருந்தது. வாசலில் நின்று அதை அப்படியே கவிழ்த்தேன். டிபன் டப்பா, குடை, சீப்பு, சில்லறை எல்லாம் தரையில் விழுந்து உருண்டன.

"பாத்துக்கிடுங்க" என்றேன்.

பார்த்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.