பொது ஐடியில் ஏழுமலையின் சிக்னேச்சர்

"மெயில்ல உன் பேருதான்யா இருக்குது. வண்டில ஏறு" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் அனுப்பல சார்" என்றார் ஷிப்ட் இன்சார்ஜ் ஏழுமலை.

அன்று காலை எங்கள் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில், கான்ட்ராக்ட் தொழிலாளி தேவராஜ் கன்வேயருக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது லைன் ஓடிவிட்டது. அவரை முழுசாக வெளியே எடுக்க முடியவில்லை.

கரண்ட் கட் ஆகிவிட்டதென்று ஷெட் ரூமிலிருந்து மெயில் வந்தால்தான் உள்ளே ஆள் இறங்க வேண்டும். அன்றும் மெயில் வந்தது. ஆனால் கரண்டை யாரும் கட் செய்யவில்லை. மெயிலின் அடியில் ஏழுமலையின் பெயர், பதவி, செல் நம்பர்.

நான் கம்ப்யூட்டர் செக்‌ஷன். ஷெட் ரூமில் மூன்று ஷிப்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெயில் ஐடி. பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஐடி வேண்டுமென்று எத்தனையோ முறை கேட்டேன்.

"இன்னாத்துக்குய்யா அதெல்லாம்? சீனியர் ஏழுமலை பேரப் போட்டு வுடு, கஸ்டமர் மதிப்பான்" என்றார் ஜி.எம். அந்தப் பொது ஐடியின் செட்டிங்ஸில் ஏழுமலையின் பெயர் சிக்னேச்சராக ஏறியது அப்படித்தான்.

இன்ஸ்பெக்டரை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "சார், நீங்களே கம்போஸ் அமுக்குங்க."

அமுக்கினார். ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை, கீழே ஏழுமலையின் பெயர் வந்துவிட்டது.

"இன்னாய்யா இது, நான் அனுப்புனாலும் இவன்தானா?"

"யாரு அனுப்புனாலும் இவருதான் சார்."

ஏழுமலையை விட்டுவிட்டார்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப யார்தான்யா அனுப்புனது?"

அந்த நேரத்தில் ரூமுக்குள் போய் வந்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கும். லைன் ரொம்ப நேரம் நிற்கக்கூடாதென்று அவசரப்பட்டு மெயில் அனுப்பியவர் இவர்தான் என்று வெளியே ஆளாளுக்கு ஒரு பெயரை முணுமுணுத்தார்கள். விசாரணையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. படுபாவிகள். கேஸ் அப்படியே அடங்கிப்போனது.

காரியம் முடிந்து தேவராஜின் மனைவி மீஞ்சூரிலிருந்து மில் கேட்டுக்கு வந்தார். "கரண்டு கட் பண்ணியாச்சுன்னு சொன்னது யாருண்ணே? பேர மட்டும் சொல்லுங்க, நான் சண்டையெல்லாம் போட மாட்டேன்" என்றார். தெரியலம்மா என்றேன். நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது வேலைக்குச் சேர்பவர்களுக்குச் சொல்கிறேன். சிக்னேச்சர் போடுவது ரெண்டு நிமிட வேலை. செட்டிங்ஸில் போய்ப் பெயரை அடித்து சேவ் கொடுத்தால் முடிந்தது. அதை உங்கள் சொந்த ஐடியில் மட்டும் போடுங்கள். சொந்த ஐடி தராவிட்டால் தரும்வரை சண்டை போடுங்கள். நாளைக்கு ஒரு பெண் கேட்டில் வந்து நின்று கேட்டால், சொல்வதற்கு ஒரு பெயராவது வேண்டும்.