ஐயனாருக்குப் போன மூளை

ஞானமணி அம்மாளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவன் கிடையாது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் மனித மூளையைக் களிமண்ணில் செய்தவன் புதுக்கோட்டைச் சீமையில் நான் ஒருவன்தான்.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்சுப் பெண்களுக்குப் பாடம் சொன்னவர். நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்தத்தினால் வெளிநாட்டு மாதிரிப் பொம்மைகள் வரவில்லை. பார்வையிடப் பெரிய டாக்டர் வருகிறார், மூளைப் பாடம் சரியாக நடக்காவிட்டால் வகுப்பையே மூடிவிடுவார்கள். அதனால் திருவரங்குளத்துப் பக்கம் என் சூளைக்கு வந்தார், எனாமல் கிண்ணத்தில் ஆட்டு மூளையோடு. அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தவர்!

"இதேமாதிரி, பெருசா, பிரிச்சுக் காட்டுறாப்ல வேணும் வேளாரே."

"ஆளுயரக் குதிரை செய்யிறவனுக்கு இது ஒரு வேலையாம்மா?"

செய்தேன். மடிப்பு மடிப்பாக, பகுதிக்கொரு வண்ணம், மேல்பாதியை மூடிபோலத் தூக்கலாம். டாக்டர் வரும் நாள் காலையில், ஐயனாருக்கு நேர்த்திக்கடனாக வைக்கும் மண் கைகால்களோடு அதையும் வண்ணம் காய வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பினால் காணோம்.

"மூக்காயிக்குக் குடுத்திட்டேன்" என்றாள் என் மனைவி. "அவ புருசன் சேவுகனுக்குத் தலைநோவுல்ல? மண்தலை செஞ்சு வச்சும் கேக்கலையாம். நோவு உள்ளதானே இருக்குன்னு இதைத் தூக்கிட்டுப் போயிட்டா."

அதற்குள் அவள் கோயிலில் வைத்துவிட்டாள். ஐயனார் முன் வைத்ததைத் திரும்ப எடுப்பது வழக்கமில்லை. மூளையை வாங்க வந்த ஞானமணி அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் விடுவேனா?

"எடுக்கத்தாம்மா கூடாது. பாக்கலாம். எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க."

"நான் வேதக்காரி, வேளாரே. சர்ச்சுக்குப் போறவ."

"குதிரை அதெல்லாம் கேக்காதும்மா."

மத்தியானம் மண்குதிரைகளுக்கு நடுவே பாடம் நடந்தது. அங்கே பூசை வைப்பவனும் நானே என்பதால், மூடியை நானே தூக்கினேன். பெண்கள் வேப்பங்குச்சியால் ஒவ்வொரு பகுதியாகத் தொட்டுப் பெயர் சொன்னார்கள். மூக்காயி பாய்ந்து வந்தாள்.

"என் புருசன் மண்டைய எதுக்குடி குத்துறீங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. சேவுகனைக் கூப்பிட்டுக் கண்ணை விரித்துப் பார்த்தார். தூரத்துக் குதிரைகளைக் காட்டி, எத்தனை என்று கேட்டார். சேவுகனுக்குக் குதிரையே தெரியவில்லை.

"மூளையில ஒண்ணுமில்லை. கண்ணாடி போடணும்" என்றார். வகுப்பு தொடர்ந்து நடக்கட்டும் என்றும் அங்கேயே சொல்லிவிட்டார்.

ஞானமணி அம்மாள் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் கைகூப்பி ஜெபம் செய்தார். எதிரே ஐயனார்.

மூக்காயி புருசனை இடித்தாள். "பாத்தியா, அந்தம்மாவே கும்பிடுறாக. நீ மரம்மாதிரி நிக்கிற."

நன்றியெல்லாம் மேலே போயிற்று. மூளையைச் செய்தவன் பக்கத்திலேதான் நின்றேன்.