செவலைக்கு வைத்த பொங்கல்

அப்பா கம்பெனி வேலையை விட்ட வருஷத்தில்தான் எனக்குச் சரளமாகப் பொய் சொல்ல வந்தது. அதுவரை அரியாங்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பாகூர் பக்கம் அம்மாவின் பங்காக வந்த கொஞ்ச நிலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு ஒன்றையும் மாட்டுக் கொட்டகை ஒன்றையும் கட்டி, மூன்று கறவை மாடுகளை வாங்கி, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இனி எந்த சூப்பர்வைசருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. என்னை யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் மட்டும் மாறவில்லை. தினமும் பஸ் ஏறுவதற்கு முன் சீருடையை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். தோழிகளிடம் நாங்கள் ஃபார்ம் ஹவுசுக்குக் குடிபோய்விட்டதாகச் சொல்லியிருந்தேன். நீச்சல் குளம் இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். வேலை நடக்கிறது என்றேன்.

மாடு வளர்ப்பைப் பற்றி அப்பாவும் அம்மாவும் அறிந்ததெல்லாம் செல்போனில் பார்த்ததுதான். வந்த முதல் நாளே செவலை மாடு உதைத்த உதையில் பால் வாளி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். சத்தம் கேட்டு, அடுத்த நிலத்தில் குடியிருந்த பெண்மணி வேலியைத் தாண்டி வந்தாள். "இன்னா தம்பி, காம்பப் புட்ச்சி இப்டி இழுத்தா அது ஒதைக்காம இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டுத் தானே குந்திக் கறந்து கொடுத்தாள். அன்று முதல் இரண்டு வேளையும் அவள்தான் கறந்தாள். அப்பாவுக்கு அவள் அக்கா. ஆகவே எனக்கு அத்தை.

மாட்டுப் பொங்கலன்று தோழிகள் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். அப்பாவும் அம்மாவும் தெருவில் பொங்கல் கொடுக்கப் போயிருந்தார்கள். தோழிகள் கூரையைப் பார்த்தார்கள், சாணக் குழியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்டவள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. எதையாவது செய்து அவர்களைச் சிரிக்க வைத்தாக வேண்டும்.

செவலையின் கொம்புக்கு அன்று காலையில்தான் அப்பா சிவப்பு பெயின்ட் அடித்திருந்தார். ஒரு கை பொங்கலை எடுத்து நீட்டினேன். செவலை என் முழங்கை வரைக்கும் நக்கியது. தோழிகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். மூக்கை மூடியவள் துப்பட்டாவை விட்டுவிட்டு செல்போனை எடுத்தாள். "இன்னொரு தடவ, இன்னொரு தடவ." கையால் கொடுத்தது போதவில்லை. அடுப்படியிலிருந்து அண்டாவையே இழுத்து வந்து வைத்தேன். அதில் பாதிக்கு மேல் பொங்கல் இருந்தது. செவலை தலையை உள்ளே விட்டு, முகமெல்லாம் சோறாக நிமிர்ந்தபோது, அத்தனை அழகான மாட்டை அவர்கள் பார்த்ததேயில்லை என்றார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை கத்தினாள். "அடியே, போதும்டி! சோறு அம்மாம் வெக்கக் கூடாது. வயிறு தாங்காது."

"எங்க மாடு, எங்களுக்குத் தெரியும். நீங்க உங்க வேலயப் பாருங்க" என்றேன். தோழிகளுக்கு முன்னால் அப்படிச் சொன்னது எனக்கே பெருமையாக இருந்தது. அத்தை உள்ளே போய்விட்டாள்.

அம்மா வந்து காலி அண்டாவைப் பார்த்தாள். தோழிகள் சாப்பிட்டது போக வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள் என்றேன். வந்த பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்களே என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. கழிந்ததில் புளித்த வாடை. மாட்டு டாக்டர் வந்து விலாவில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். "சோறு எதுனா வெச்சீங்களா?"

"இல்ல சார்" என்றாள் அம்மா.

பால் கறக்க வந்த அத்தை சொம்போடு நின்றிருந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார். "நேத்து காலைல நீங்கதான அக்கா பொங்கல் எடுத்தாந்து வெச்சீங்க?"

"எலையில ஒரு கைப்புடி வெச்சேன் தம்பி. மூணுத்துக்கும்தான் வெச்சேன்."

"ஒரு கைப்புடிக்கா இப்டி ஆவும்? உங்கள நம்பித்தான அக்கா வுட்டேன்!"

அத்தை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். சும்மா பார்த்தாள். நான் குனிந்து என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொம்பைக் கொட்டகை ஓரமாக வைத்துவிட்டு அவள் நடந்தாள். வேலியருகே போய் ஒருமுறை நின்று திரும்பினாள். பிறகு போய்விட்டாள்.

பாட்டில் பாட்டிலாக மருந்து ஏறியும் செவலை அடுத்த நாள் மதியம் செத்துப்போனது. அதன் கன்று அன்று முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. அப்பா கொட்டகையில் உட்கார்ந்து, திரும்பிப் போய்விடலாமா என்று அம்மாவைக் கேட்டார். எத்தனையோ மாதமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. அன்று அதைக் கேட்கச் சகிக்காமல் வீட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

நாங்கள் திரும்பிப் போகவில்லை. அப்பா உதைபட்டு உதைபட்டுக் கறக்கப் பழகினார். இப்போது ஏழு மாடுகள் நிற்கின்றன. அத்தை அதன்பிறகு எங்கள் பக்கம் வந்ததில்லை. அவள் கை சரியில்லை என்று ஊரில் பேச்சாகி, கறக்கச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிடுவதும் நின்றுபோனது. வெளியூரிலிருந்து நான் லீவுக்குப் போகும்போது வேலியோரம் பார்த்தால், "எப்ப வந்த?" என்று கேட்பாள். "இப்பதான் அத்த" என்பேன். அதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை.

அன்று வேலியருகே அவள் திரும்பி நின்றபோது, என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து நடுங்கினேன். நான் கூப்பிடுவேன் என்று நின்றாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.