சென்னை டீமுக்குப் போன அத்தை

விளையாடுகிறவர் யாராவது சொந்த ஊர் அணியை விட்டுப் பெரிய ஊர் அணிக்குப் போனால், காசுக்குப் போய்விட்டார் என்று டீக்கடையிலிருந்து டிவி வரைக்கும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அத்தை போனபோது உறையூரிலும் அதைத்தான் சொன்னார்கள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள், என் அறையில்தான் படுப்பாள். எங்கள் பகுதியின் பெண்கள் வாலிபால் டீமில் அவளை விட்டால் அடிக்க ஆள் கிடையாது. பகலில் பேங்க் வேலை பார்த்த அப்பா, சாயங்காலமானால் அந்த டீமின் செயலாளர்.

அத்தையை ஊருக்கே தெரியும். அவள் போட்ட சர்வீஸ் ஒன்று நெட்டில் விழுந்தால், மறுநாள் டவுன் பஸ் கண்டக்டர் டிக்கெட்டோடு சேர்த்து அறிவுரையும் கிழித்துக் கொடுப்பார். ஜெயித்தால் ‘நம்ம பொண்ணு’. நம்ம பொண்ணு என்பதாலேயே அவள் ஷார்ட்ஸ் போட்டு ஆடுவது நன்றாக இல்லை என்று தெருப் பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வெளியூர்ப் பெண்கள் ஷார்ட்ஸில் ஆட, எங்கள் டீம் மட்டும் திருச்சி வெயிலில் கணுக்கால் வரை பேண்ட் மாட்டிக்கொண்டு குதித்தது. அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், பந்து விளையாடுகிற பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பியதும் ஊருக்குத் தெரியும். வீட்டில் இருந்த எனக்கே அந்தச் சேதி தெருவில்தான் கிடைத்தது.

ஒரு நாள் நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது அத்தையின் பாய் சுருட்டப்பட்டு மூலையில் நின்றது. சென்னையில் ஒரு கம்பெனி டீமில் இடம் கிடைத்து, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். அப்பா அன்று சாப்பிடவில்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், பட்டணத்துப் பவிசு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். வந்தவர்களும் கையில் ஆளுக்கொரு காரணத்தோடு வந்தார்கள். சம்பளம் என்றார் ஒருவர், பேப்பரில் போட்டோ வரும் என்றார் இன்னொருவர், எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று குரலைத் தாழ்த்தினார் மூன்றாமவர். அத்தைக்கு போன் போட்டுக் கேட்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் கோபம்தான். என்னிடம்கூடச் சொல்லாமல் போனாளே என்று.

மறு வருஷம் திருச்சியிலேயே மன்னார்புரம் பக்கம் நடந்த ஒரு போட்டியில் அந்தச் சென்னை டீமும் எங்கள் டீமும் மோதின. தெருவே திரண்டு வந்தது. அத்தை சர்வீஸ் போட வந்தாள். ஷார்ட்ஸ் போட்டிருந்தாள். கோட்டுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் எங்கள் ஆட்கள். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர், என்னைத் தூக்கிக் கொஞ்சியவர், சத்தமாகக் கேட்டார்:

“மாப்பிள்ளைதான் கிடைக்கலை, துணியுமா கிடைக்கலை?”

மைதானமே சிரித்தது. அத்தை பந்தைக் கீழே வைத்துவிட்டு நேராக அவரிடம் நடந்தாள். அதைப் பார்த்து அப்பா ஓடினார். அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அப்பா ஓடிப் போய் அவருக்கு முதுகைக் காட்டி, அத்தையைப் பார்த்து நின்றார்.

“நீ போய் ஆடு. நம்ம ஊர்க்காரங்க, உரிமையில நாலு வார்த்தை பேசத்தான் செய்வாங்க.”

அத்தை கத்தவில்லை. பக்கத்தில் இருந்ததால்தான் எனக்கே கேட்டது.

“அதுக்குத்தான் அண்ணா போனேன்.”

ரெஃப்ரி விசில் ஊதினார். அவள் திரும்பி வந்து போட்ட சர்வீஸை எங்கள் டீமில் ஒருத்தியாலும் தூக்க முடியவில்லை. அடுத்ததையும் முடியவில்லை. யாரையோ அறைவதுபோல ஒவ்வொரு பந்தையும் அடித்தாள். ஜெயித்த பிறகு நெட்டுக்கு அடியில் கை நீட்டியபோது, அவளுடைய பழைய தோழிகள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வியர்வையில் அவர்கள் பேண்ட் காலோடு ஒட்டிக்கிடந்தது.

அப்பா அவளைப் பார்க்காமல் ஸ்கூட்டர் நிற்கும் பக்கம் போனார். நான் மட்டும் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்த குழாயடிக்குப் போனேன். மளிகைக்கடைக்காரர் மேல் கோபம், அப்பா மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக அவள் மேல் கோபம். அவளுக்கு எது வலிக்கும் என்று யோசித்துக் கேட்டேன்.

“அங்க உங்களை யாருக்காவது தெரியுமா அத்தை?”

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஒருத்தருக்கும் தெரியாது. தோத்துட்டு வந்தாக்கூட ஏன்னு கேக்க ஆள் கிடையாது.”

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கேட்க ஆளில்லாத ஊரில் ஒருத்திக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டு, டீம் வேனில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.